குதிரைகளின் ஈ.பி.எம். ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் கென்டக்கி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர், உறைபெட்டியிலிருந்து ஒரு தட்டு நிறையக் குப்பிகளை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். தள்ளாடி நடந்த குதிரைகளிடமிருந்து எடுத்த மூளைத் தண்டுவடத் திரவம் அவற்றில் இருந்தது. குதிரையின் எண், தேதி, கொடுத்த மருந்து என எல்லா விவரமும் அழகாக எழுதி ஒட்டப்பட்டிருந்தன. இவற்றுக்குரிய சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிநீர், எங்கே என்று கேட்டேன். நோய் தண்டுவடத்தில் இருக்கும்போது இரத்தம் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையாளரிடம் நான் கேட்டதும் இதே கேள்விதான். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுவே.

ஈ.பி.எம். (ஈக்வைன் புரோட்டோசோவல் மையலோஎன்செஃபலைடிஸ்) என்பது அமெரிக்கக் கண்டங்களுக்கு உரிய குதிரை நரம்பு நோய். 1960களில் கென்டக்கியில் இது முதன்முதலாக இனங்காணப்பட்டது. இதை உண்டாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைக் குதிரையின் தண்டுவடத்திலிருந்து பிரித்து வளர்த்து, 1991இல் அதற்குச் சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்று பெயரிட்டார்கள். சிலவேளைகளில் நியோஸ்போரா ஹியூகேசி என்ற வேறோர் ஒட்டுண்ணியும் இதே நோயைத் தருகிறது. நியூரோனா, ஒபாசம் என்ற பைப்பாலூட்டி விலங்கின் குடலில் முதிர்ந்து, கழிவின் வழியாகத் தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்து குதிரைக்குள் செல்கிறது. நோயுற்ற குதிரையிலிருந்து அது இன்னொரு குதிரைக்குப் பரவுவதில்லை.

இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்பதை நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. அமெரிக்காவின் பல பகுதிகளில் நலமாக உள்ள குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவை எதிர்ப்பொருளைச் சுமக்கின்றன என்பதும், அவற்றில் மிகச் சிலவே நோயுறுகின்றன என்பதும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் செய்திகள்.

சீரம் இல்லாமல் திரவத்தை மட்டும் எடுப்பது

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. காரணம், மேற்சொன்ன பாடத்தைச் சரியாகக் கற்றவர்களே இதில் விழுகிறார்கள். இரத்தம் ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டவர்கள், அப்படியானால் தண்டுவடத் திரவம் ஏமாற்றாது என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு, எதையும் கசியவிடாத சுவர் அன்று. நலமாக உள்ள குதிரையிலும் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளில் சிறிதளவு எப்போதும் திரவத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. இரத்தத்தில் அது கூடினால் திரவத்திலும் கூடும். ஆகவே திரவத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கேட்பது பயனற்றது. இரத்தத்திலிருந்து வந்திருக்கக்கூடிய அளவைவிட அது மிகுதியாக இருக்கிறதா, அதாவது நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உற்பத்தியானதா என்றுதான் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டு குதிரைகளின் திரவத்திலும், எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனையில், அளவு 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் குதிரையின் சீரத்தில் அளவு 4000; அதைத் திரவத்தின் அளவால் வகுத்தால் விகிதம் 200. இது வெறும் கசிவாக இருக்கலாம். இரண்டாவது குதிரையின் சீரத்தில் 500, விகிதம் 25. இது எல்லையாகக் கொள்ளும் 100க்குக் கீழே இருப்பதால், எதிர்ப்பொருள் உள்ளேயே உற்பத்தியாகிறது என்று கொள்ள இடமுண்டு. ஒரே 20, இரண்டு தீர்ப்புகள். சீரம் இல்லாவிட்டால் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

நான் இரண்டு கோடைக்காலங்கள் பண்ணை பண்ணையாகச் சென்று திரவம் சேகரித்தேன். ஒவ்வொரு முறையும் குதிரைக்கு மயக்கமருந்து கொடுத்து, இடுப்பருகே முடியை மழித்து, அது உதைக்காமல் இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டே நீண்ட ஊசியை இறக்கியதெல்லாம் நினைவிருக்கிறது. கழுத்துச் சிரையிலிருந்து ஒரு குழாய் இரத்தம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை நான் எடுக்கவில்லை. தவறு தெரிந்த பின்பு அதே பண்ணைகளுக்குத் திரும்பிச் சென்று இரத்தம் எடுக்க முயன்றேன். அதற்குள் சில குதிரைகள் இறந்திருந்தன, சில இந்நோய்க்குத் தரும் பொனாசுரில் மருந்தை 28 நாள் உண்டு முடித்திருந்தன, சில விற்கப்பட்டுவிட்டன. வேறொரு நாளின் இரத்தத்தை அன்றைய திரவத்தோடு ஒப்பிடுவதும் முறையன்று. அந்தக் குப்பிகள் கடைசியில் புதியவர்கள் பிப்பெட் பிடித்துப் பழகுவதற்குப் பயன்பட்டன.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. ஊசி இறங்கும்போது நுண்ணிய இரத்தக் குழாய் கிழிந்து, சிறிது இரத்தம் திரவத்தில் கலப்பது இயல்பு. எதிர்ப்பொருள் மிகுந்த குதிரையில் இந்தக் கலப்பே பொய்யான முடிவைத் தரும். எதிர்ப்பொருளைக் கண்டறியும், மிகு உணர்திறன் கொண்ட வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், ஒரு மைக்ரோலிட்டருக்கு 8 சிவப்பணுக்கள் போன்ற கண்ணுக்கே தெரியாத கலப்பும் போதுமானதாகக் கண்டிருக்கிறார்கள். திரவம் தெளிவாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதாதீர்கள். சிவப்பணுக்களை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குப்பியின் எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். முதலில் வரும் சில துளிகளைத் தனிக் குழாயில் பிடித்து ஒதுக்கிவிடுவது நல்ல வழக்கம்.

ஒரே பரப்புப் புரதத்தை நம்புவது

நியூரோனாவின் எல்லா விகாரங்களும் (உள்வகைகளும்) ஒரே மேற்சட்டை அணிவதில்லை. சாக்-1, சாக்-5, சாக்-6 என்ற பரப்புப் புரதங்களில் ஏதேனும் ஒன்றுதான் ஒரு விகாரத்தில் இருக்கும். சாக்-1ஐ மட்டும் வைத்து எலைசா அமைத்தால், அது இல்லாத விகாரம் தாக்கிய குதிரை உங்கள் பட்டியலில் நோயற்றதாகப் பதிவாகும். எல்லா விகாரங்களிலும் உள்ள சாக்-2, 3, 4 ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஒபாசத்தில் கிடைத்ததெல்லாம் நியூரோனா என்று எண்ணுவது

இதில் புதியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் துறையே ஒருமுறை இதில் சறுக்கியது. 1995இல், பறவைகளில் வளரும் சார்கோசிஸ்டிஸ் ஃபால்கட்டுலாவும் நியூரோனாவும் ஒன்றே என்று கருதினார்கள். ஃபால்கட்டுலாவைக் குதிரைகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது நோய் வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டும் வேறு இனங்கள் என்பது உறுதியாயிற்று. இரண்டும் ஒரே ஒபாசத்தின் குடலில் சேர்ந்தே இருக்கக்கூடும். ஸ்பீரி என்ற மூன்றாவது இனமும் உடனிருக்கலாம். நுண்ணோக்கியில் ஸ்போரோசிஸ்டுகள் (கழிவில் வெளிவரும், ஒட்டுண்ணி அடங்கிய நுண்ணிய உறைகள்) எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மரபணுவைக் கொண்டு இனங்காணும் பி.சி.ஆர். செய்யுங்கள், இயன்றால் காமா இன்டர்ஃபெரான் மரபணு நீக்கிய, அதனால் நோயெதிர்ப்பு குன்றிய எலியிலும் சோதியுங்கள். அந்த எலியில் ஸ்பீரியும் வளரும் என்பதால், எலியின் தசையையும் வெட்டிப் பார்க்க வேண்டும்: அங்கே சிஸ்ட் (ஒட்டுண்ணிப் பை) இருந்தால் அது ஸ்பீரி.

தண்டுவடத்தில் ஒரே இடத்தை வெட்டிப் பார்ப்பது

புண்கள் சிதறியிருக்கும், ஒரு துண்டில் ஒன்றும் தெரியாவிட்டால் அந்தத் துண்டில் ஒன்றுமில்லை என்பது மட்டுமே பொருள்.

ஃபார்மலின்

திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் ஒட்டுண்ணியையும் கொன்றுவிடும்; ஒட்டுண்ணியை வளர்ப்பதற்கான திசுவை எடுத்து வைத்த பிறகே அதை ஊற்றுங்கள்.

ப்ளீச்சை நம்புவது

நீர் கலக்காத ப்ளீச்சும் ஸ்போரோசிஸ்டைக் கொல்லாது. 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடத்தில் கொல்லும்.