பின் பிரேக் ஷூவை வீட்டிலேயே மாற்றலாம்

முன்சக்கர பிரேக் பேடை மாற்றிப் பழகியவர்கள்கூடப் பின்சக்கரம் என்றால் தயங்குவார்கள். அங்கே சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற வட்ட உறைக்குள், ஷூ என்ற இரண்டு வளைந்த தகடுகள் விரிந்து உரசித்தான் பிரேக் பிடிக்கும். டிரம்மைக் கழற்றியதும் ஸ்பிரிங்கும் கம்பியும் லீவருமாகத் தெரியும் அந்தக் கூட்டம்தான் காரணம். எனக்கோ காரில் மிகப் பிடித்த வேலையே இதுதான். பொறுமை இருந்தால் போதும், பெரிய பட்டறைச் சாமான் எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷூவைக் கழற்றி மாட்டுவது பாதி வேலை. மாட்டிய ஷூவை டிரம்முக்கு ஏற்ற அளவில் அட்ஜஸ்ட் செய்வது மீதிப் பாதி. அதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் புது ஷூ போட்டும் பெடல் ஆழமாகத்தான் இறங்கும்.

சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்துங்கள். முன்சக்கர இழுவைக் கார் என்றால் முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரம் வராது. வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் ஜாக்கி போடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து அதன்மேல் இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுவது என் வழக்கம்.

டிரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் 8 மி.மீ. போல்ட் அதில் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். வர மறுத்தால் நடுவில் துரு நீக்கும் எண்ணெய் அடித்துச் சற்று ஊறவிட்டு, ரப்பர் சுத்தியால் சுற்றித் தட்டலாம். பாதி வந்து நிற்கிறது என்றால், தேய்மானத்தால் டிரம்மின் விளிம்பில் ஏற்பட்ட மேட்டில் ஷூ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஷூக்களைத் தாங்கும் சுழலாத பின்தட்டில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரை, அதாவது ஷூக்களின் விரிவைக் கூட்டிக் குறைக்கும் பல் திருகைத் தளர்த்துங்கள். சில கார்களில் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் நடு நட்டையும் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது அதற்குப் புது நட்டும் கையேட்டில் சொன்ன முறுக்கமும் தேவை.

உள்ளே கறுப்புத் தூள் நிறைந்திருக்கும். காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் இருக்கும் உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். முகமூடி போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். அதைவிட முக்கியம், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காமல் இருப்பது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்தது. சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க மறுபக்கம் கலையாமல் இருக்கும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித் தெரியும். இரு பக்க அட்ஜஸ்டர்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பல கார்களில் ஒன்றில் வல மரை, மற்றதில் இட மரை இருக்கும். அவற்றைக் கலந்துவிட்டால் தானாக இறுக வேண்டியது இறுகாது.

முதலில் மேல், கீழ் ஸ்பிரிங்குகளைப் பிளையரால் விடுவியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஸ்பிரிங் நழுவினால் முகத்துக்குத்தான் வரும். ஷூவைப் பின்தட்டோடு பிடித்திருக்கும் ஊசியைக் கழற்றுவதில்தான் பலர் திணறுவார்கள். இடது கை விரலால் தட்டின் பின்புறம் ஊசியின் தலையை அழுத்திப் பிடியுங்கள். வலது கையில் பிளையரால் முன்பக்கக் கிண்ணத்தை உள்ளே அழுத்தி, கால் சுற்றுத் திருப்புங்கள். ஊசியின் தட்டையான முனை கிண்ணத்தின் பிளவுக்கு நேராக வந்ததும் கிண்ணம் தளர்ந்து கையோடு வந்துவிடும். மாட்டும்போதும் இதே வித்தைதான். கடைசியில், இரண்டு ஷூக்களில் பின்னால் உள்ளதோடு இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவரின் கொக்கியிலிருந்து கேபிளை எடுத்துவிடுங்கள். புது ஷூவில் லீவர் இல்லையென்றால் பழையதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது வீல் சிலிண்டரைப் பாருங்கள், பெடலை மிதிக்கும்போது ஷூக்களைத் தள்ளி விரிப்பது இதுதான். ரப்பர் மூடியின் ஓரத்தை மெல்ல நெம்புங்கள். உள்ளே ஈரம் ஒழுகினால் சிலிண்டரையும் மாற்றியாக வேண்டும், அதன்பின் பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும் உண்டு. காய்ந்திருந்தால் சிலிண்டரைத் தொட வேண்டாம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் பிதுங்கி வெளியே வந்துவிடும். டிரம்மையும் அளந்து பாருங்கள். அதிகபட்ச விட்டம் அதன் மேலேயே வார்க்கப்பட்டிருக்கும், புது அளவைவிட ஒன்றிரண்டு மி.மீ. தான் கூடுதல். அதைத் தாண்டியிருந்தால் டிரம்மும் புதிதுதான். லைனிங்குக்குப் பல கார்களில் 1 மி.மீ. கடைசி எல்லை. நான் 2 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுவேன், அதுவும் இரு பக்கமும் சேர்த்து.

பின்தட்டில் ஷூ உரசும் மேடுகளில் வெப்பம் தாங்கும் கிரீஸ் துளித் துளியாகத் தடவுங்கள். அட்ஜஸ்டர் மரையிலும் கொஞ்சம். லைனிங்கில் கிரீஸ் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது, கைவிரல் எண்ணெய்கூட வேண்டாம். கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் பூட்டி முடிந்தது.

இனிதான் அட்ஜஸ்ட்மென்ட். அட்ஜஸ்டரைச் சில பல் திருகி டிரம்மை மாட்டிப் பாருங்கள். தாராளமாக உள்ளே போனால் இன்னும் திருகுங்கள். டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசான 'சர்... சர்...' உரசல் கேட்க வேண்டும், ஆனால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். அந்த அளவு வரும்வரை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் சலிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரசினால்தான் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்காது. பிறகு சக்கரங்களை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், சரியான எண் உங்கள் கையேட்டில் கிடைக்கும்.

நகர்த்தும் முன் பெடலை நின்ற இடத்திலேயே பலமுறை மிதியுங்கள், கெட்டியாகும்வரை. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து விட்டுப் பாருங்கள். கேபிளை இறுக்க வேண்டியிருந்தால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் முடிந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். முதலில் கேபிளை இறுக்கிவிட்டால் ஷூ தன் இடத்துக்குத் திரும்பாமல் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும்.

பின்னாலும் டிஸ்க் உள்ள கார் என்றால் ஒரு எச்சரிக்கை. ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பரில் (டிஸ்க்கை இருபுறமும் பேடால் கவ்வும் பாகம்) இருந்தால், பெரும்பாலானவற்றில் பிஸ்டனை அழுத்தித் தள்ளக் கூடாது, சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் அதை சர்வீஸ் மோடுக்கு (பழுதுபார்ப்பதற்கான நிலை) கொண்டுவந்துவிட்டுத்தான் கேலிப்பரைத் தொடலாம்.

ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 40, 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பல முறை நிறுத்துங்கள், இடையே ஆறவிடுங்கள். லைனிங் டிரம்மோடு படிய இது வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பின்சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்தப் பக்கம் அட்ஜஸ்டரை இரண்டு மூன்று பல் தளர்த்துங்கள். அடுத்த நாள் சக்கர நட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.