கசக்கிறதா, துவர்க்கிறதா? வீட்டு எஸ்பிரெஸ்ஸோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலவகைக் கொட்டை கலந்த புது பிளெண்ட் ஒன்றை வாங்கி வந்து மெஷினில் போட்டால் முதல் ஷாட், அதாவது ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ, சுமாராகத்தான் இருக்கும். அது சகஜம். ஏழாவது ஷாட்டும் சுமாராகவே இருந்தால், கொட்டையைக் குறை சொல்வதற்கு முன் நம் நாக்கை ஒருமுறை விசாரிக்க வேண்டும். என் வீட்டில் கால் கிலோ பையில் பாதி சிங்க்கில் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. புளித்த காப்பியைக் கசக்கிறது என்று நினைத்து, கிரைண்டரை நேர் எதிர்த் திசையில் திருகிக்கொண்டிருந்தேன்.

காப்பி என்றாலே கசப்பு என்று மனதில் பதிந்திருக்கிறது. அதனால் முகம் சுளிக்க வைக்கும் எதையும் 'கசப்பு' என்று சொல்லிவிடுகிறோம். தூளுக்குள் வெந்நீர் புகுந்ததும் புளிப்பு தரும் அமிலங்கள் சீக்கிரம் கரைந்து வந்துவிடும். இனிப்பும் கனமும் அதன் பின்னால் வரும். கசப்பு கடைசியில் கூடும். ஆகவே ஷாட் புளித்தால் சாரம் போதுமான அளவு இறங்கவில்லை, அரைவையை நைசாக்க வேண்டும். கசந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, கொஞ்சம் கொரகொரப்பாக்க வேண்டும். புளிப்பு வாயில் பட்டதும் எச்சிலை ஊற வைத்துவிட்டுப் போய்விடும். கசப்போ பாகற்காய் மாதிரி, விழுங்கிய பிறகும் லேசில் போகாது. நாக்கின் ஓரத்தில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் பழைய படத்தை நம்பி ருசி பார்க்க வேண்டாம். நாக்கில் எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, துவர்ப்பு. வாழைப்பூவை ஆயும்போது ஒரு இதழைக் கடித்துப் பார்த்தவர்களுக்கும், நாவல்பழம் தின்றவர்களுக்கும் தெரியும்: நாக்கு வறண்டு, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்கும்போது மட்டும் கசப்போடு சேர்த்துவிடுகிறோம். ஒரே ஷாட்டில் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் பிரச்சினை அரைவையில் இல்லை. சுமார் 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர், தூளில் எங்கே இளக்கமாக இருக்கிறதோ அந்த வழியாகப் பாய்ந்துவிடும். அந்த ஓட்டையைச் சுற்றியிருக்கும் தூள் சக்கையாகும் வரை பிழியப்படும், மற்ற இடம் பாதி நனைந்ததோடு சரி. இதைச் சேனலிங் என்பார்கள். இந்த நேரத்தில் இன்னும் நைசாக அரைத்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். மெல்லிய ஊசி நாலைந்தை ஒரு கார்க்கில் குத்தி, பாஸ்கெட்டில் (தூள் போடும் ஓட்டைக் கிண்ணம்) இருக்கும் தூளைக் கட்டியில்லாமல் கிளறிவிட்டு, தூளை அமுக்கும் டேம்பரை நேராக வைத்து அழுத்துங்கள். முழு பலத்தோடு அழுத்த வேண்டியதில்லை, சாயாமல் இருந்தால் போதும்.

ருசி பார்க்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. கப்பில் விழும் முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் ஒன்றல்ல, கனமானது அடியில் தங்கிவிடும். கலக்காமல் மேலாக உறிஞ்சினால் ஒரு காப்பி, அடியில் இன்னொரு காப்பி. ஸ்பூனால் நன்றாகக் கலக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு குடியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடுதான் தெரியும். அப்படியும் பிடிபடவில்லையென்றால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் சுவைகள் பிரிந்து தெரியும்.

எங்கே தொடங்குவது? 18 கிராம் தூள், கப்பில் 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடி. பாஸ்கெட் சிறியதென்றால் அதற்கேற்ற தூள், அதைப்போல் இரண்டு மடங்கு காப்பி. இது தொடங்கும் இடம் மட்டுமே. 27 விநாடியில் அச்சாக வந்துவிட்டது என்று விளங்காத காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கருக வறுத்த கொட்டை சீக்கிரம் சாரம் விடும், அதற்குக் குறைந்த சூடும் குறைந்த அளவும் போதும். இளவறுவலுக்கு நைஸ் அரைவையும், 1:2.5 வரை, அதாவது தூளைப்போல் இரண்டரை மடங்கு காப்பி வரும் வரை, கூடுதல் தண்ணீரும் வேண்டியிருக்கும்.

அளவை மில்லியில் பார்க்காமல் தராசில் பாருங்கள். ராபஸ்டா வகைக் கொட்டை கலந்த பிளெண்டில் க்ரீமா என்கிற மேல்நுரை பொங்கி நிற்கும், கண்ணாடிக் கப்பில் 60 மில்லி கோட்டைத் தொட்டிருக்கும், தராசு 35 கிராம் என்று சொல்லும். க்ரீமாவை வைத்துத் தரம் பார்ப்பதும் வீண். மிலானின் அக்கீலே காஜியா 1940களின் பிற்பகுதியில் கைப்பிடியால் அழுத்தம் கொடுக்கும் லிவர் மெஷினைக் கொண்டுவருவதற்கு முன், நீராவி அழுத்தத்தில் இறங்கிய எஸ்பிரெஸ்ஸோவில் இன்று நாம் பார்க்கும் க்ரீமா கிடையாது. க்ரீமாவை மட்டும் ஸ்பூனில் எடுத்து ருசித்துப் பாருங்கள், நல்ல கசப்பு.

அந்த நுரைக்குள் இருப்பது வறுக்கும்போது கொட்டையில் தங்கிய கரியமில வாயு. அன்றே வறுத்து, அன்றே அரைத்து, சூடு ஆறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த தூள்தான் உசத்தி என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்: எஸ்பிரெஸ்ஸோவுக்கு வறுத்த தேதியிலிருந்து ஒரு வாரம், இளவறுவல் என்றால் இரண்டு வாரம்வரைகூடப் பொறுக்க வேண்டும். இரண்டாம் நாளே பையைப் பிரித்து டயல் இன் செய்ய, அதாவது அரைவையையும் அளவையும் ருசி பார்த்துச் சரிப்படுத்த உட்கார்ந்தால், வாயு வெளியேற வெளியேற ஷாட்டின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய செட்டிங் நாளைக்கு உதவாது.

கிரைண்டருக்கும் ஒரு குணம் உண்டு. செட்டிங்கை மாற்றிய பிறகும் உள்ளே பழைய தூள் சில கிராம் தங்கியிருக்கும். மாற்றியதும் மூன்று நான்கு கிராம் அரைத்துக் கொட்டிவிடாமல் எடுத்த ஷாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நைசாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கட்டும். அரைவை, தூள் எடை, சூடு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், நன்றாக வந்தால்கூட எதனால் என்று தெரியாது. எடையைக் கட்டிப்போட்டுவிட்டு அரைவையை மட்டும் தொடுங்கள்.

பிளெண்டுக்கென்றே ஒரு சிக்கல். பழத்துக்குள் ஒற்றையாக விளையும் பீபெரிக் கொட்டை சின்ன உருண்டை, மற்றது தட்டை. பையை ஆட்டாமல் எடுத்தால் ஒரு வகை மேலேயும் இன்னொரு வகை அடியிலும் பிரிந்துவிடலாம். ஒரு டோஸில் நூற்றுச்சொச்சம் கொட்டைகள்தான் இருக்கும் என்பதால் பத்துக் கொட்டை வித்தியாசமே ருசியில் தெரியும். ஒவ்வொரு முறையும் பையைக் குலுக்கிவிட்டு எடுங்கள்.

சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை மெஷினில் போடவே வேண்டாம். சிக்கரி காப்பியே அல்ல, கரைந்து பிசுபிசுத்து ஓட்டத்தை அடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் அனேகமாக இராது, காப்பி சப்பென்று இருக்கும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பாய்லரில் உப்புப் படியும். கரைந்த தாதுக்கள் 150 பிபிஎம் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) அளவில் இருக்கும் தண்ணீர் நல்லது.

கடைசியாக, பால். தினமும் பால் சேர்த்துக் குடிக்கிறவர் வெறும் எஸ்பிரெஸ்ஸோவை மட்டும் ருசித்து டயல் இன் செய்வதில் பயனில்லை. கறுப்பாகக் குடிக்கும்போது சற்று முரட்டுத்தனமாகத் தெரியும் ராபஸ்டா ஷாட், பாலில் அழகாக எழும்பி நிற்கும். பழ வாசனையோடு மென்மையாக இருந்தது பாலில் காணாமல் போகும். எனக்குக் காலையில் பால் காப்பிதான், அதனால் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பையின் மேல் மார்க்கரில் எழுதுவேன். இப்போது வீட்டில் இருக்கும் பையில் எழுதியிருப்பது: "18–34, 29 விநாடி. பாலுக்கு மட்டும்."