குளத்துப் பச்சை: பாசியா, பாக்டீரியாவா?

குளத்து நீர் பச்சையாக மாறியிருந்தால், மாட்டை இறக்கும் முன் நீளக் குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். கையை நனைக்க வேண்டாம். நீண்ட இழைகளாகத் தொங்கினால் பெரும்பாலும் ஸ்பைரோகைரா போன்ற பச்சைப்பாசி, பயமில்லை. பெயின்ட் போலக் குச்சியில் ஒட்டினால் நீலப்பச்சைப்பாசி என்று சந்தேகப்படுங்கள்.

முன்பு தாவரங்களோடு சேர்க்கப்பட்ட நீலப்பச்சைப்பாசியின் செல்லில் உட்கருவும் இல்லை, பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகமும் இல்லை. அதனால்தான் 1969இல் சூழலியலாளர் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்தாகப் பிரித்து வகுத்த ஐந்துலகப் பாகுபாட்டில் பாக்டீரியாக்களோடு மொனிரா என்ற உலகில் இருக்கிறது. நீலப்பச்சைப்பாசிகளில் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது! குச்சிச் சோதனை முதல் எச்சரிக்கை மட்டுமே. உறுதிசெய்ய, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கால்நடைகளுக்கு வேறு தண்ணீர் காட்டுங்கள்.