பார்வையற்றோர் அணியும் கருவிகள்: வாங்கும்போதும் பழகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி தருகிறேன். எழுத்தை வாசித்துச் சொல்லும் கேமரா பொருத்திய கண்ணாடி, எதிரே தடை இருந்தால் மணிக்கட்டில் அதிரும் பட்டை என்று யாராவது புதிதாக ஒன்றை அணிந்துகொண்டு வருகிறார்கள். முன்பு நாங்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். சார்ஜ் போட மறப்பது, புளூடூத் துண்டிப்பு போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைக்காரர் நீட்டும் தாளில் சோதிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அம்மாபேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். சர்க்கரை நோயால் பார்வை இழந்த பெரியவருக்கு, மகன் கடன் வாங்கி ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்துக் கண்ணாடி வாங்கினார். விற்பனையாளர் நீட்டிய ஆங்கிலப் பக்கத்தை அது தடங்கலின்றி வாசித்தது. அங்கேயே பணம் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தமிழ் நாளிதழைக் காட்டினால் ஒரு சொல்லும் வரவில்லை. "இதற்குத் தமிழ் தெரியாதா தம்பி?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்.

தமிழ் வாசிக்க இரண்டு திறன்கள் தேவை. படத்தில் இருக்கும் தமிழ் எழுத்தை அடையாளம் காண வேண்டும். பிறகு அதைத் தமிழ்க் குரலில் சொல்ல வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் போகலாம். "தமிழ் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். அதனால் உங்கள் கண் முன்னால், இல்லை, உங்கள் காது கேட்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். படம் சற்று மங்கினாலே மெய்யெழுத்தின் புள்ளி தொலைந்துவிடும். கொம்பும் காலும் பிரிந்து வேறு எழுத்தாகிவிடும்.

உங்கள் வீட்டுத் தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள்: மின் கட்டண ரசீது, அலங்கார எழுத்தில் அச்சிட்ட திருமண அழைப்பிதழ், மாத்திரை அட்டை. அட்டையின் பளபளப்பான தாளில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்போது பல கருவிகள் திணறுகின்றன. முடிந்தால் விற்பவரைப் புதிய பஸ் நிலையத்துக்கே அழையுங்கள். எல்இடி பலகையில் வரிசைகள் மாறி மாறி எரிவதால் கேமராவில் பாதி எழுத்துதான் பதியும்.

அடுத்து, போனில் இணையத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். பல கண்ணாடிகள் படத்தை எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பித்தான் விடை பெறுகின்றன. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது அந்தக் கண்ணாடி ஊமையாகிவிடும்.

போன் இலவசமாகச் செய்வதற்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ரூபாய்த் தாளை அறிய ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலிக்கு இணையமே வேண்டாம்.

சென்சாரை நம்பி வெள்ளைக் கோலை விடுவது

அதிரும் பட்டை போன்றவற்றில் இருக்கும் மீயொலி சென்சார், நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. திறந்த சாக்கடையும் கீழிறங்கும் படியும் முன்னால் நிற்கும் பொருள்கள் அல்ல. நேராகப் போகும் ஒலி அவற்றின் மேலாகக் கடந்துவிடும். சாய்வாக நிற்கும் கண்ணாடிக் கதவு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். டெல்லி ஐஐடியில் உருவாகி 2014-இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன், முழங்காலுக்கு மேல் இருக்கும் தடைகளை அதிர்வால் உணர்த்துகிறது. அதை வெள்ளைக் கோலின் கைப்பிடியிலேயே பொருத்தியிருக்கிறார்கள். தரையைக் கோல் பார்த்துக்கொள்கிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் லாரியின் பின்பலகை நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும்போது சென்சார் பெரிய உதவி. இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

காதை அடைத்துக்கொள்வது

ஐந்து ரோடு சந்திப்பில் வண்டி வரும் திசையைச் சொல்வது காதுதான். கருவியின் குரலைக் கேட்கக் காதை மூடிவிட்டால் அது தெரியாது. காதுத் துளையை அடைக்காமல் எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்போன் வாங்குங்கள்.

லென்ஸைத் துடைக்காமல் மென்பொருளைக் குறை சொல்வது

நேற்று வரை வாசித்தது இன்று உளறினால் முதலில் லென்ஸில் கைரேகை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காட்டுப் பனியில் நடந்துவிட்டு வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஈரம் படியும். சட்டை நுனியால் தேய்க்காமல் மென்மையான கண்ணாடித் துணியால் துடைத்து, சற்று நேரம் விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.