ரெவிட்டில் காணாமல் போன வடிகால் குழாய்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை வைத்து, கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் ரெவிட் (Revit) மென்பொருளில் பிளம்பிங் மாடல் பழகிக்கொண்டிருந்தேன். முற்றத்து மழைநீருக்கு 110 மிமீ குழாய், 1% சரிவு. வரைந்ததும் தரைத்தள பிளானில் மறைந்துவிடும். முப்பரிமாணப் பார்வையில் மட்டும் தெரியும். மூன்று நாள் போனது. எவை தெரிய வேண்டும் என்று தேர்வு செய்யும் விசிபிலிட்டி கிராபிக்ஸில் எல்லாம் டிக் ஆகித்தான் இருந்தது. மென்பொருளையே திரும்ப நிறுவியும் பலனில்லை.

காரணம் உயரம். இந்த வீடுகளில் வளவின் (முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியின்) தரை உயர்ந்து, முற்றம் தாழ்ந்திருக்கும். நான் லெவலை, அதாவது உயரங்களை அளக்கும் ஆதார மட்டத்தை, வளவுத் தரையில் வைத்திருந்தேன். குழாய் அதற்கு 900 மிமீ கீழே ஓடியது. பிளான் எந்த உயரம் முதல் எந்த ஆழம் வரை காட்டும் என்பதை முடிவு செய்யும் வியூ ரேஞ்ச் அவ்வளவு ஆழம் போகவில்லை. சரி, மாற்றலாம் என்றால் எடிட் பொத்தான் மங்கிக் கிடந்தது. இங்கேதான் பலர் கோட்டைவிடுவார்கள்: பார்வையின் அமைப்புகளை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் வியூ டெம்ப்ளேட் அதைப் பூட்டியிருந்தது. டெம்ப்ளேட்டில் வியூ ரேஞ்சுக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். அப்புறம் வியூ ரேஞ்சில் பாட்டம் (கீழ் எல்லை), வியூ டெப்த் (பார்வை ஆழம்) இரண்டையும் -1200 மிமீ ஆக்கினேன். குழாய் வந்துவிட்டது. அப்பாடா!