வன்னியில் இணையக் குழுவைத் தொழிலாக்கும் வழி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இணையக் குழுவொன்றைத் தொடங்குபவர், ஊரார் அனைவரையும் சேர்க்க முயலாமல், கச்சான் செய்கையாளர், கருவாடு பதனிடுவோர் என ஒரே தேவையுடையவர்களை முதலில் இணைக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவொன்றில் 1024 பேர் வரை இருக்கலாம். ஆனால் பேசுகிற ஐம்பது பேரே போதும்.

சந்தை விலையையும் மழைத் தகவலையும் இலவசமாகவே பகிருங்கள். பலரது பொருள்களை ஒன்றாகச் சேர்த்து ஏ9 வீதி வழியே கொழும்புக்கு அனுப்புதல், விதைகளைக் கூட்டாகக் கொள்வனவு செய்தல் போன்ற உழைப்புக்கே கட்டணம் பெறுவது முறை.

தொழில் எண்ணத்தைக் குழுவில் சொன்னால் களவு போய்விடும் என்ற அச்சம் நம்மவரிடம் சற்று அதிகம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமை எண்ணத்துக்கன்றி, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்பதால், ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு) மாவில் பிஸ்கட் செய்யலாம் என்ற யோசனையை மறைத்து வைப்பதைவிட, அதைக் குழுவில் கூறிச் சுவைபார்ப்போரையும் கூட்டாளியையும் தேடிக்கொள்வதே இலாபம். பெயரையும் இலச்சினையையும் வர்த்தகக் குறியாகப் பதிந்துகொள்ளுங்கள். புதிய கருவியைக் கண்டுபிடித்தவர் மட்டும், கண்டுபிடிப்புக்கான காப்புரிமைக்குப் புதுமை, அதாவது முன்னர் வெளியாகாதிருத்தல், அவசியமாகையால், விண்ணப்பித்த பின்னரே அதன் நுட்பத்தை வெளியிட வேண்டும்.