கார்டு போனது, கையெழுத்து ஏன் வரவில்லை?

ஓய்வுபெற்ற ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கு அவர்கள் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டை அனுப்பி, கையெழுத்தோடு திரும்பப் பெறுவது கனடாவில் பலருக்குப் பொழுதுபோக்கு. மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ழான் பெலிவோ, ரசிகர் கடிதங்களுக்குப் பதில் போடுவதில் பேர் போனவர். கையெழுத்தும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். 2014இல் மறைந்துவிட்டார். அந்தப் பொறுமையை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் பதில் வராவிட்டால் வீரரைத் திட்டுவதற்கு முன், நாம் அனுப்பிய உறையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நான் சொதப்பியது ஸ்டாம்பில். மினசோட்டாவில் இருந்த ஒரு பழைய தற்காப்பு வீரருக்கு ஒன்டாரியோவிலிருந்து எழுதினேன். என் விலாசம் எழுதிய பதில் உறையில் அழகாகக் கனடா ஸ்டாம்பை ஒட்டி வைத்தேன். அமெரிக்கத் தபால்நிலையத்துக்கு அது வெறும் படம். தபால் எந்த நாட்டிலிருந்து புறப்படுகிறதோ அந்த நாட்டு ஸ்டாம்ப்தான் செல்லும். ஏழு மாதம் கழித்துக் கார்டு வந்தது. பாவம், அவரே ஸ்டாம்ப் வாங்கி என்னுடையதன் மேல் ஒட்டியிருந்தார். கையெழுத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் எல்லை தாண்டிப் போனால் ‘குளோபல் ஃபாரெவர்’ ஸ்டாம்ப் நாலைந்து வாங்கி வந்துவிடுகிறேன். ஒன்று ஒட்டினால் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரையுள்ள கடிதம் அமெரிக்காவிலிருந்து எந்த நாட்டுக்கும் போகும். பின்னால் கட்டணம் ஏறினாலும் அதே ஸ்டாம்ப் செல்லும். வெளிநாட்டில் கொடுத்து ஸ்டாம்பாக மாற்றிக்கொள்ளும் சர்வதேச பதில் கூப்பனைத் தேடி அலையாதீர்கள். அமெரிக்கத் தபால்துறை அதை விற்பதை 2013இலேயே நிறுத்திவிட்டது.

எடை என்றதும் டாப்லோடர், அதாவது கார்டைச் செருகி வைக்கும் விறைப்பான உறை, நினைவுக்கு வருகிறது. அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் எடையைக் கூட்டும், உறை வளையாமல் தபால் இயந்திரத்தில் மாட்டும். எழுபது வயதுக்காரர் விரல்களால் கார்டை அதிலிருந்து உருவ வேண்டும், திரும்ப நுழைக்கவும் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறையும் இரண்டு அட்டைத் துண்டுகளும் போதும்.

விலையுள்ள கார்டைத் தபால்பெட்டியில் போடாதீர்கள். 1979-80இல் ஓ-பீ-சீ நிறுவனத்தின் வரிசையில் வந்த, ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் கார்டு ஒன்று 2021இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. அதெல்லாம் பெட்டகத்துச் சரக்கு. இந்த வேலைக்கு 1990-91 கார்டுகள் தோது. அப்பர் டெக், ஸ்கோர், புரோ செட் என்று பல நிறுவனங்கள் அந்தப் பருவத்தில் அச்சடித்துத் தள்ளின, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வழவழப்பானதாக இருந்தால் மை திட்டுத்திட்டாகத் திரளும். குழந்தைப் பவுடரை லேசாகத் தடவி மென்துணியால் துடைத்துவிட்டு அனுப்புங்கள். எந்தப் பேனாவை எடுப்பார் என்பது நம் கையில் இல்லை. அதனால் வெளிர்நிறப் படமாகப் பாருங்கள், கறுப்புச் சட்டையில் கறுப்பு மை காணாமல் போகும்.

எட்டுக் கார்டு அனுப்பினால் விற்கத்தான் கேட்கிறான் என்று நினைப்பார். இரண்டு போதும். உங்கள் பெயரையும் எழுதித் தரச் சொன்னால் அந்தச் சந்தேகம் குறையும். கடிதம் கையால், ஒரு பக்கத்துக்குள்.

அப்புறம், பழைய விலாசப் பட்டியலை நம்பி அனுப்பாதீர்கள். பழைய ஹாக்கி நட்சத்திரங்கள் மைக் பாஸியும் கீ லாஃப்லரும் 2022 ஏப்ரலில் ஒரு வார இடைவெளியில் இறந்தார்கள். துக்க வீட்டுக்குக் கையெழுத்து கேட்டுக் கடிதம் போனால் எப்படி இருக்கும்? ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பாமல் பழைய அணியின் முன்னாள் வீரர்கள் சங்கம் வழியாக முயலுங்கள்.

நினைவூட்டல் கடிதம் வேண்டாம். சில கார்டுகள் இரண்டு வருடம் கழித்தும் வரும், இடையில் வீடு மாறினால் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.